ஏழு மெகாஹெர்ட்ஸில் நாற்பத்தோரு காலை

மடியில வெச்சிருக்கறது லேப்டாப்புங்களா? அட, மேல வெக்காதீங்க, இந்த வண்டி ஆடற ஆட்டத்துக்கு விழுந்துரும். மடியிலயே இருக்கட்டும். சும்மா கேட்டனுங்க. எனக்கு அந்தச் சாமானத்தக் கண்டாலே இப்ப பத்திக்கிட்டு வருது. உங்களச் சொல்லலீங்க, தப்பா எடுத்துக்காதீங்க.

நமக்கு பவானிங்க. கோயில்பட்டியில ஏறினேன். நேத்து அங்க ஒரு பதினாறாம் நாள் விசேசம். சொந்தமில்லீங்க. சொந்தக்காரன் செத்தா இவ்வளவு தூரம் ஆரு போறா, அதே ஊருல இருந்தாலே பந்திக்குத்தான போறோம். இது சிநேகிதன். மூர்த்தி. முழுப் பேரு செண்பகமூர்த்தி. தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசரா இருந்தவன்.

எப்பிடிப் பழக்கம்னு கேளுங்க. நான் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்காரன். முப்பத்தி ரெண்டு வருசமா போர் மோட்டார், தறி மோட்டார், மாவு மில்லு மோட்டார், எது எரிஞ்சாலும் ‘அர்த்தநாரிகிட்டக் கொண்டு போ’ம்பாங்க. அதோட நம்மளுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டுங்க. ஹாம் ரேடியோ. கவர்மெண்டுல பரீட்சை வெச்சு லைசென்ஸ் குடுப்பாங்க. மொட்டை மாடியில ஒரு கம்பியக் கட்டிக்கிட்டு ஊரு ஊருக்குப் பேசலாம். டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். இங்க பேசினா வானத்துல பட்டு அங்க போயி விழுகும். நெசமாத்தானுங்க! பள்ளிக்கொடம் ஒம்பதாவதோட நின்னவன் நான், மோட்டாரும் ரேடியோவும் மட்டும் தப்பாச் சொல்ல மாட்டேன்.

மூர்த்தியும் அதே கிறுக்கு. இருபத்தி மூணு வருசம் காலையில ஆறே காலுக்கு, ஏழு மெகாஹெர்ட்ஸ்ல, அவனும் நானும். பேசினது என்னன்னு கேட்டீங்கன்னா ஒண்ணுமில்ல. ‘என்னப்பா நாரி, உங்க ஊர்ல மழையா’ம்பான். ‘எங்கீங்க மழ’ம்பேன். ‘மூச்சுக்கு மூச்சு ஙகரம் போடாம உனக்குப் பேச வராதா’ம்பான். அவ்வளவுதான். அவனுக்கு நல்ல குரலுங்க. மார்கழிப் பனியில கரகரன்னு இரைச்சல் வரும் பாருங்க, அதுக்குள்ள அவன் குரல் மட்டும் தனியாத் தெரியும். நேருல பாத்துக்கிட்டது ரெண்டே தடவை. ஒண்ணு பெங்களூர்ல ரேடியோக்காரங்க கூட்டம். இன்னொண்ணு எம்பட பொண்ணு கல்யாணம், சம்சாரத்தக் கூட்டிக்கிட்டு வந்திருந்தான்.

போன வைகாசியில அவனுக்குத் தொண்டையில புத்துன்னுட்டாங்க. மதுரையில ஆபரேசன். குரல் பெட்டியவே எடுத்துப்போட்டாங்க. கழுத்துல ஓட்டை வெச்சு அது வழியா மூச்சு. பேச்சு? போச்சுங்க. சுத்தமாப் போச்சு.

ஒரு மாசம் கழிச்சு தபால்ல எனக்கு ஒரு கடுதாசி. ‘குரல் போச்சு. விரல் இருக்கு. நாரி, கம்ப்யூட்டர்ல வா’ன்னு எழுதியிருந்தான்.

அது என்னன்னா, டிஜிட்டல்னு ஒரு முறை வந்திருக்குதுங்க. ரேடியோவ கம்ப்யூட்டரோட கோத்து விட்டுரணும். நீங்க எழுத்தடிச்சா அதக் கம்ப்யூட்டர் கீச்சு கீச்சுன்னு சத்தமா மாத்தி ரேடியோவுக்கு அனுப்பும். அந்தப் பக்கம் இருக்கற கம்ப்யூட்டர் அந்தச் சத்தத்தக் கேட்டு மறுக்கா எழுத்தாக்கிக் காட்டும். நான் அத நாலு பேரு கேக்க ரேடியோவுலயே கிண்டல் பண்ணினவன். ‘வாய் இருக்கறவனுக்கு எதுக்குடா கீபோர்டு’ன்னு. மூர்த்தி அத மறக்கல. கடுதாசியில கடைசி வரி, ‘நீ சொன்னபடியே எனக்கு இப்ப வாய் இல்ல, ஆகவே கீபோர்டு வெச்சுக்கலாம்ல’. படிச்சுப்போட்டு பட்டறையிலயே உக்காந்து அழுதனுங்க. சொல்றதுக்கு என்ன வெக்கம்.

மோர்ஸ்னு ஒண்ணு இருக்குதல்லங்க, கட்டுக்கடான்னு தட்டறது. அது அவனுக்கு அத்துப்படி, எனக்கு வராது. ரெண்டு தடவை பரீட்சையில கோட்டை விட்டு, அது வேண்டாத லைசென்ஸ்தான் வாங்கினேன். ஆக, கம்ப்யூட்டரத் தவிர வேற வழி இல்ல.

போனு இல்லியான்னு கேப்பீங்க. எம்பட வூட்டுக்காரியும் அதையேதான் கேட்டா. எங்கிட்ட இருக்கறது பட்டன் போனு. மெசேஜ் வந்தாப் படிப்பேன், அவ்வளவுதான். இருபத்தி மூணு வருசம் வானத்துல பேசினவன்கிட்ட இப்ப கேஸ் புக் பண்றாப்பல பட்டன் அமுக்கிப் பேசறதுங்களா? அவனுக்கும் அது பிடிக்காது. ரேடியோவுல வான்னுதான எழுதினான்? போன் பண்ணுன்னு எழுதலியே.

‘ஒரு எட்டு பஸ்ஸேறிப் போயிப் பாத்துட்டு வந்துருங்க’ன்னா அவ. போலாந்தான். போயி என்ன பண்ண? அவன் பேச மாட்டான். நான் மட்டும் பேசிக்கிட்டு அந்தக் கழுத்து ஓட்டையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதெல்லாம் நம்மளால ஆகாதுங்க. முதல்ல ரேடியோவுல பேசிரலாம், அப்புறம் போலாம்னு சொல்லிப்போட்டேன்.

ஈரோட்டுல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கினேன். கோயமுத்தூர்ல இருந்து ரேடியோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல போடற கேபிளு ஒண்ணு. போட்டா ‘ங்ஙொய்ங்’னு ஒரே ஹம்மு. ரெண்டு பொட்டியோட எர்த்தும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடுதுங்க. கடைக்காரனக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். அப்புறம் நம்மளே இறங்கிட்டோம். சின்னதா ரெண்டு டிரான்ஸ்பார்மரு, சுண்டக்காய் அளவு. வயரு ஒண்ணையொண்ணு தொடாது, காந்தத்து வழியாவே சத்தம் தாண்டிக்கும். மோட்டாருக்குச் சுத்தற கைக்கு அது எம்மாத்திரம்? சுத்திப் போட்டேன். ஹம்மு செத்துது. அடுத்தது, பேசற பட்டன அமுக்கினா கம்ப்யூட்டர்ல அம்புக்குறி தானாவே ஓடுது. பேய் பிடிச்சாப்பல! ரேடியோ அலை கேபிள் வழியா உள்ளார பூந்துருதுங்க. அதுக்கு ஒரு கருப்பு வளையம், அதுல ஒம்பது சுத்து. அதுவும் செத்துது. மத்தவன் போட்ட கேபிளா இருந்தா இந்நேரம் கம்ப்யூட்டரே போயிருக்கும்.

ஆடி ஒண்ணாந்தேதி காலையில ஆறே காலுக்கு வர்றேன்னு மூர்த்திக்கு கார்டு போட்டேன். எந்த நம்பர்ல நிக்கணும்னு அவன் கடுதாசியிலயே எழுதியிருந்தான். ஏழு புள்ளி பூஜ்யம் ஏழு எட்டு. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, விபூதி பூசிக்கிட்டு உக்காந்தேன். ரேடியோவத் திருப்பினேன். ஸ்கிரீன்ல மழக்கோடாட்டம் வருது. கோடுன்னா கோடு, மஞ்சளா, பச்சையா. எழுத்து? ஒண்ணு கூட இல்ல. நான் கூப்பிட்டேன். ‘மூர்த்தி, கேக்குதா’ன்னு இங்கிலீசு எழுத்துல அடிச்சேன். ரேடியோ கீச்சு கீச்சுன்னு அனுப்புச்சு. பதில் இல்ல. அரை மணி நேரம் கூப்பிட்டேன்.

மறுநாளும் அதே. அதுக்கு மறுநாளும். கோடு வருது, எழுத்து வல்ல. கேபிள்ல என்னமோ கோளாறுன்னு பிரிச்சேன். மறுக்கா சுத்தினேன். ஈயம் மாத்தினேன். நாலு தடவை பிரிச்சிருக்கறனுங்க! பட்டறையில மோட்டார் குமிஞ்சு கெடக்குது, நான் பாட்டுக்கு சுண்டக்காயச் சுத்திக்கிட்டு இருக்கறேன். வூட்டுக்காரி ஒரு நாளு காப்பிய ணங்குன்னு வெச்சுட்டு, ‘உங்க ஒயரு முடியறதுக்குள்ள அந்த மனுசன் முடிஞ்சிருவாரு’ன்னா. ஏனுங்க, சொல்ற பேச்சா அது? நாலு நாளு அவகூடப் பேசல நான்.

இருபது நாள் ஆச்சு. மூர்த்திகிட்ட இருந்து போன்ல ஒரு மெசேஜ். ‘ரேடியோவ அப்பர்ல வை. லோயர்ல வைக்காத’.

இது உங்களுக்குப் புரியணும். இப்ப நம்ம ஊர்ல ஒரே பஸ் ஸ்டாப்புப் பேருதான், ஆனா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நிக்கலாமில்லீங்களா? அதாட்டம், ரேடியோவுல ஒரே நம்பருக்கு மேல் பக்கம் ஒண்ணு, கீழ் பக்கம் ஒண்ணு உண்டு. அப்பரு, லோயரு. ஒரு சுவிட்சு திருப்பினா மாறிரும். ஏழு மெகாஹெர்ட்ஸ்ல பேசறதுன்னா லோயர்தான். உலகம் பூராவும் லோயர்தான். நான் லைசென்ஸ் வாங்கின நாள்ல இருந்து அந்தச் சுவிட்சத் தொட்டதே கெடையாது. அதுல தூசி படிஞ்சு கெடக்குது.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கொல்லன் தெருவுல வந்து ஊசி விக்கறான்! ஏழு மெகாஹெர்ட்ஸ்ல எந்தப் பக்கம் நிக்கறதுன்னு எனக்குச் சொல்லித் தர்றானா? அப்புறம் நானாவே சமாதானம் சொல்லிக்கிட்டேன். பாவம், மருந்து மாத்திரைய முழுங்கி முழுங்கிப் புத்தி கலங்கிப் போச்சு, அரிச்சுவடியே மறந்துட்டான். நோவுக்காரன்கிட்டப் போயி சண்டை போடறதான்னு, ‘ஓகே’ன்னு பதில் போட்டேன். அதுவரைக்கும் போன்ல ஆருக்கும் பதில் போட்டதில்லீங்க நானு. ரெண்டே எழுத்துங்க. ஓ, கே.

போட்டுட்டு லோயர்லயே உக்காந்திருந்தேன்.

என்னங்க அப்பிடிப் பாக்கறீங்க? சொல்லி முடிச்சர்றேன்.

நாப்பத்தாறு நாளுங்க. ஒரு நாள் தவறல. அந்த நேரத்துல மத்தவங்க எல்லாம் பக்கத்து நம்பர்ல வாயில பேசிக்கிட்டு இருப்பாங்க, நான் அங்கயும் போகல. ரெண்டு ரேடியோவா இருக்குது எங்கிட்ட? நாப்பத்தாறாம் நாளு, கூப்பிட்டு முடிச்சுட்டுப் பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கறேன், திண்டுக்கல் ஜெரால்டு போன் பண்றாரு. அவரும் ரேடியோக்காரர்தான். ‘என்ன நாரி, மூர்த்திக்கு அஞ்சலி சொன்னமே அன்னிக்கு, நீங்க வரவே இல்லியே, ரொம்ப ஒடஞ்சிட்டீங்களோன்னு நெனச்சேன்’ங்கறாரு. எந்த மூர்த்திக்குன்னு கேக்கறேன் நானு! கேட்டனுங்க அப்பிடி. போயி அஞ்சு நாளாச்சுன்னாரு. அஞ்சு நாளா செத்தவனத்தான் ‘கேக்குதா, கேக்குதா’ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கறேன்.

நேத்துதான் போனேன். எல்லாத்தையும் ஆத்துல கரைச்சு, எண்ணெய் தேச்சு முடிச்சு, சாப்பாடும் ஆச்சு. மூர்த்தி சம்சாரம் உலகம்மா. ‘அண்ணாச்சி, அவுக ரேடியோ ரூமு அப்பிடியேதான் இருக்கு, பாக்கீகளா’ன்னுச்சு. மாடியில சின்ன ரூம்பு. பையன் மஸ்கட்ல இருந்து வந்தவன் எதையும் தொடல. கம்ப்யூட்டரக் கூட அணைக்க மனசில்லாம அப்பிடியே விட்டு வெச்சிருக்காங்க.

முதல்ல கேபிளத்தான் பாத்தேன். தொழில் புத்தி. கடையில வாங்கின கேபிளு, மட்டமானது. அதுலயே ஹம்மு இல்லாமப் பண்ணியிருந்தான், கெட்டிக்காரன். அப்புறம் ரேடியோவப் பாத்தேன். நம்பரு சரியாத்தான் இருந்துது, ஏழு புள்ளி பூஜ்யம் ஏழு எட்டு. சுவிட்சு அப்பர்ல இருந்துது.

சுவத்துல ஒரு சார்ட்டு ஒட்டியிருந்தான், புஸ்தகத்துல இருந்து எடுத்தது. பேச்சுன்னா ஏழு மெகாஹெர்ட்ஸ்ல லோயர். கம்ப்யூட்டர்னா எந்த மெகாஹெர்ட்ஸா இருந்தாலும் அப்பர். அப்பிடித்தான் உலகம் பூராவும் வெச்சிருக்காங்களாம். எவன் வெச்சான்? எந்த ஊரு நியாயங்க அது? எனக்கு ஆரும் சொல்லல. சொன்னான். அவன் சொன்னான். நாந்தான் ஓகேன்னு போட்டேன்.

அவன் உக்கார்ற ஸ்டூல்லயே உக்காந்துட்டனுங்க. கேபிளுக்கு ஒண்ணும் இல்ல. என் கேபிளு முதல் நாள்ல இருந்தே சரியா இருந்திருக்குது. அவனும் அங்க ஆறே காலுக்கு வந்திருக்கான், நானும் இங்க ஆறே காலுக்கு வந்திருக்கறேன். அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவுல மஞ்சக் கோடா வந்துதே, அதெல்லாம் வேற எவனெவனோ பேசிக்கிட்டது, தலைகீழாக் கேட்டா எழுத்து எப்பிடி வரும்? கண் கெட்ட பின்னால சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க.

அவனுந்தான் ஒரு நாள், ஒரே ஒரு நாள், லோயருக்கு வந்து பாத்திருக்கலாமில்லீங்களா? இருபத்தி மூணு வருசப் பழக்கம், என் பிடிவாதம் தெரியாதா அவனுக்கு? வந்திருப்பானுங்க. கண்டிப்பா வந்திருப்பான். ஆனா நாந்தான் ஓகேன்னு போட்டுட்டனே. நாரி ஓகேன்னு சொன்னா மாத்தியிருப்பான், கோளாறு வேற எங்கயோன்னு நம்பியிருக்கான். நம்பிக்கிட்டே போயிட்டான்.

ஸ்கிரீன்ல அவன் கடைசி நாள் அனுப்பினது அப்பிடியே நின்னுக்கிட்டு இருந்துது. அதுக்கு முந்தின நாளுது எதுவும் இல்ல, ஒவ்வொரு தடவையும் மூடினா அழிஞ்சிரும் போல. ஒரு வரி. என் பேரு, அப்புறம் ‘கேக்குதா’. அதுக்குக் கீழ அதே. அதுக்குக் கீழயும் அதே. மேல இருந்து கீழ வரைக்கும் தள்ளித் தள்ளிப் பாத்தேன், அரை மணி நேரத்துக்கு அதே ஒரே வரிதானுங்க.

அந்த அம்மா காப்பி கொண்டாந்துச்சு. வாசப்படியில நின்னுக்கிட்டு என்னமோ சொல்லுது, எனக்குக் காதுலயே ஏறல. அப்புறம் ஏறுச்சு.

‘ஆபரேசனுக்குப் பொறவு எங்ககிட்ட எல்லாம் சிலேட்டுல எழுதிக் காட்டுவாக அண்ணாச்சி. தண்ணி, வலி, ஜன்னல். இப்பிடி ஒவ்வொரு வார்த்தைதான். உங்ககூடதான் அரை மணி நேரம் முழுசாப் பேசுவாக. நாப்பத்தோரு நாள், நான் எண்ணிக்கிட்டே வந்தேன். காலையில கதவச் சாத்திக்கிட்டு டக்கு டக்குன்னு அடிக்கிற சத்தம் கேக்கும். நாங்க யாரும் தொந்தரவு பண்ண மாட்டோம். வெளிய வந்து சிலேட்டுல எழுதுவாக, நாரி இன்னைக்கு நல்லாப் பேசுனான்னு. முகமே தெளிஞ்சிருக்கும். நோவு திரும்ப வந்துருச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்குக் கூட, நாரிகிட்டச் சொல்லிட்டேன், அவன் தைரியம் சொன்னான்னு எழுதுனாக. அண்ணாச்சிய வரச் சொல்லுவமான்னு கேட்டேன். எதுக்கு, காலையிலதான் பேசிட்டமேன்னு எழுதிட்டாக. அதான் சாவுக்குக் கூட உங்களுக்குச் சொல்லி விடல, ரேடியோவுல தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டோம்.’

நான் தைரியம் சொன்னனாமுங்க.

காப்பியக் கையில வாங்கினேன். சொல்லிரலாம்னு வாயத் தொறந்தேன். அம்மிணி, அப்பிடி எதுவும் நடக்கலம்மா, ஒரு நாளுங்கூட ஒரு எழுத்துங்கூடன்னு. சொல்லலீங்க. ‘ஆமாம்மா, நல்லாத்தான் பேசினான்’னு சொன்னேன்.

‘என்ன பேசுனாக’ன்னுச்சு.

மழையப் பத்திப் பேசினோம்னேன். எங்க ஊர்ப் பேச்சக் கேலி பண்ணினான்னேன். அந்த அம்மா சிரிச்சுது. சிரிச்சுக்கிட்டே அழுதுது. ‘என்னையப் பத்தி ஏதும் சொன்னாகளா’ன்னு கேட்டுது. சொன்னான்னேன். என்ன சொன்னாகன்னு கேக்கறதுக்குள்ள கீழ இருந்து ஆரோ கூப்பிட்டாங்க, நான் பொழச்சேன்.

பொழைக்கலீங்க. கிளம்பறப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையன அனுப்பி விட்டுது. இந்தா பாருங்க, இந்த நோட்டு. புது நோட்டுங்க, அவன் கையில குடுத்து விட்டிருக்குது. ‘அம்மா இதுல எழுதித் தரச் சொன்னாக மாமா. அப்பா கடைசியா பேசுன பேச்சு பூராம் உங்ககிட்டதான் இருக்காம். அவசரமில்ல, ஞாபகம் வர வர எழுதுங்க, மொத வருசத் திவசத்துக்கு வரும்போது கொண்டாந்தாப் போதும்னாக’ங்கறான். சரீன்னு வாங்கிக்கிட்டேன்.

பேனா கூட உள்ள வெச்சிருக்குதுங்க. நீங்க படிச்சவரு. நாப்பத்தோரு நாளு. என்னத்தங்க எழுதறது நானு?